எல்லையில்லா டேட்டாவும் மூன்றாவது ரசமும்

முதலில் அந்த போனை இலையை விட்டு நகர்த்தி வைங்க தம்பி. சாம்பார் தெறித்தால் என்னைத்தான் சொல்வீங்க. எனக்கு போன் என்றாலே ஆகாது.

என்ன கேட்டீங்க? போர்டில் மங்கலாக ‘அளவில்லா’ என்று தெரிகிறதே, நிஜமாகவே அளவில்லையா என்றுதானே? கேள்வி சரி. கேட்ட இடம் தப்பு. எதிரே பாருங்க, நீலமாக ஒரு கடை. ‘நீலவானம் நெட்வொர்க். எல்லையில்லா டேட்டா.’ அங்கே போய்க் கேட்கணும் இதை. நான் கேட்டேன். கேட்டதால்தான், கல்லாவில் உட்கார வேண்டியவன் கையில் ரச வாளியோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

வாசலில் பெருமாள்ராஜ் மெஸ் என்று இருக்கிறதே, அந்தப் பெருமாள்ராஜ் நான்தான். கல்லாவில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாளே, அது என் மகள் இந்துராணி. திரும்பிப் பார்க்காதீங்க. அவள் இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். சாப்பிடுங்க.

ரசமா? வருது. முதலில் சாம்பாரை முடிங்க.

என்னிடம் பட்டன் போன் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. விழுந்ததா, இவள் போட்டாளா, தெரியாது. மறுநாளே ஒரு டச் போன் வாங்கிக் கையில் கொடுத்தாள். “அப்பா, நீங்க வீட்ல உக்காந்து வீடியோ பாருங்க. கல்லாவ நான் பாத்துக்கறேன்” என்றாள். திட்டம் புரிகிறதா? எனக்குப் புரிந்தது. “கல்லாவுல உக்காந்தே பாப்பேன்” என்றேன். பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று கேளுங்க. ஒரு அம்மாள். நல்ல பட்டுப்புடவை. தலை நிறையப் பூ. சமையல் சொல்லித் தருகிறாள். ரசம் வைக்கிறாள். எங்கே வைக்கிறாள், கொல்கிறாள். ரசத்தைக் கொதிக்க விடுகிறாள் தம்பி! தளதளவென்று! ரசம் நுரை கட்டியதும் இறக்கணும். ஊருக்கே தெரிந்த விஷயம். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கொதிக்கிற ரசத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். தினம் ஒரு ரசம். தினம் ஒரு கொலை. ஒன்று விடாமல் பார்த்தேன். பிடித்துப் பார்க்கவில்லை. கண்காணிப்பு.

அதற்கு நெட் வேணுமாம். சரி என்று விசாரித்தேன். ஒரு கம்பெனி தினமும் கொஞ்சம் தருவானாம். தீர்ந்தால் விடிகிறவரை வாயை மூடிக்கொண்டு இருக்கணும். அது டோக்கன் சாப்பாடு. இன்னொருத்தன் மாதத்துக்கு மொத்தமாக ஒரு மூட்டை தருவானாம். நாமே பார்த்துப் பார்த்துத் தின்னணும். அது அளவுச் சாப்பாடு. மூன்றாவது ஆள் எதிர்க்கடை. எல்லையில்லா டேட்டா. என் போர்டில் இருந்த அதே பேச்சு. அட, நம்ம தொழில்காரன் என்று நம்பிச் சேர்ந்தேன்.

ஒரு மத்தியானம். பந்தி முடிந்த நேரம். அந்த அம்மாள் அன்னாசிப்பழ ரசம் வைக்கிறாள். புளியைக் கரைத்தாள். அடுப்பைப் பெரிதாக்கினாள். கொதி வருகிற சமயம். நின்றுவிட்டது. படம் அப்படியே நிற்கிறது. நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொதித்ததா இல்லையா? எனக்குத் தெரிய வேண்டாமா?

கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

அந்தக் கடைக்கு மேனேஜர் கிருபாகரன் என்று ஒரு பையன். ஒல்லி. கழுத்தில் தொங்குகிற அட்டையின் கனத்திலேயே முன்னால் சாய்ந்து நிற்பான். தினமும் மத்தியானம் நம் மெஸ்ஸில்தான் சாப்பாடு. தெரிந்த பையன் என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

“எல்லை வந்துருச்சுடா” என்றேன்.

“எல்லையே கிடையாது ஐயா. வேகம்தான் கொறஞ்சிருக்கு.”

“எதுக்குக் கொறையணும்?”

“நெறைய பாத்துட்டீங்க.”

“எல்லையே இல்லைன்னா அப்புறம் நெறைய எங்கடா வந்துச்சு?”

வெளியே கூட்டிவந்து போர்டைக் காட்டினான். “நட்சத்திரத்தப் பாருங்க ஐயா.” எல்லையில்லா என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்கு ஒட்டியதை எடுக்க மறந்துவிட்டான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். கீழே எறும்பு மாதிரி எழுத்து. அவனே படித்துக் காட்டினான். நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டதாம்.

“நியாயமா? எதுடா நியாயம்?”

“எல்லாரும் பாக்கணும்ல ஐயா. ஒருத்தரே இழுத்துட்டா மத்தவங்களுக்குக் கிடைக்காது. அதுக்காக நாங்க நிறுத்த மாட்டோம். மெதுவாக் குடுப்போம். கொஞ்ச நேரத்துல அவங்களாவே போதும்னு வச்சிருவாங்க.”

“சொல்ல வெக்கமா இல்ல?”

“என்ன ஐயா நீங்க. உங்க மெஸ்ல சீனிச்சாமி அண்ணன் அதைத்தானே செய்றாரு?”

பார்த்தீங்களா பேச்சை! சீனிச்சாமி நம் சப்ளையர். அதோ சாம்பார் வாளியோடு ஓடுகிறானே, அவன்தான். அவனையும் கம்பெனிக்காரனையும் ஒன்றாக வைக்கிறான்.

விஷயத்தைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. என் காலத்தில் முதல் சோறு கேட்காமலே இலைக்கு வரும். அடுத்தது, கையைக் காட்டினால் வரும். அதற்கும் மேலே போனால் சீனிச்சாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். ஜன்னல் பக்கம் பார்ப்பான். சத்தம் போட்டுக் கேட்டால் ‘இந்தா வந்துட்டேன்’ என்று வாளியோடு சமையற்கட்டுக்குப் போவான். அங்கே ஒரு பீடி. அவன் திரும்பி வரும்போது இலை மடித்திருக்கும். நான் கல்லாவில் இருந்து பேனாவால் மேசையை லேசாகத் தட்டுவேன், அதுதான் அவனுக்கு ஜாடை. மூன்றாவது ரசம் என்றால் கட்டாயம் தட்டுவேன். அவ்வளவுதான். ‘போதும்’ என்று ஒரு ஆளிடமும் நான் சொன்னது கிடையாது. யாரையும் எழுப்பியது கிடையாது. அவர்களாகத்தான் மடித்தார்கள்.

அது வேற தம்பி. அது சாப்பிடுகிறவன் வயிற்றின் மேல் உள்ள அக்கறை. டேட்டாவுக்கு வயிறு உண்டா?

என்னங்க? ஆமாம், வாளியில் ரசம்தான். உங்களுக்குத்தான். எங்கே ஓடிவிடப் போகிறது? கேளுங்க.

மறுநாள் ஒரு தலைவாழை இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நீலவானத்துக்குப் போனேன். சிம் வாங்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு சோபா, முன்னால் ஒரு கண்ணாடி மேசை. உட்கார்ந்தேன். இலையை விரித்தேன். தண்ணீர் தெளித்தேன். நடுவில் போனை வைத்தேன். “பரிமாறு” என்றேன்.

“ஐயா, என்னய்யா இது?”

“இலை போட்டாச்சு. எல்லையில்லாததைப் போடு. நானா மடிக்கிற வரைக்கும் போடு.”

வட்டம் சுற்றிக்கொண்டு இருந்தது. நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் வந்து நின்றுவிட்டார். இலை போட்டிருந்தால் பின்னால் ஆள் நிற்பதுதானே நம் ஊர் வழக்கம்? நான் எழுந்தால் அவர் உட்காரலாம். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். புதுக் கடை, இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செய்தி போய்விட்டது. ஒரு பெரியவர் கைகழுவ இடம் எங்கே என்று கேட்கிறார். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி கவுன்ட்டர் மேல் உட்கார வைத்து, “இவனுக்குத் தனி இலை வேணாம், என் இலையிலேயே தின்னுவான்” என்கிறாள். கிருபாகரன் கை கூப்பினான்.

“ஐயா, எந்திரிங்க. மேலிடத்துல கேமராவுல பாப்பாங்க.”

“பாக்கட்டும். அவங்களுக்கும் இலை போடு.”

அப்போதுதான் அவனுக்கு ரோஷம் வந்தது. அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு ரோஷம் எப்படி இருந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னான்.

“நாளைக்கு உங்க மெஸ்ல நான் உக்கார்றேன் ஐயா. என் இலைக்குப் பக்கத்துல உங்க போன். எல்லாருக்கும் குடுக்கிற அதே பிளானப் புதுசாப் போட்டுத் தர்றேன். அது ஓடட்டும், நான் சாப்பிடறேன். மொதல்ல வட்டம் சுத்துச்சுன்னா எங்க போர்டுல எல்லையில்லாவ நானே கிழிக்கிறேன். அதுக்கு முன்னாடி நான் கேட்டது இலைக்கு வரலைன்னா, உங்க போர்டுல அளவில்லாவ நீங்க அழிக்கணும்.”

“அழிக்கிறேன்டா” என்றேன்.

“அதோட அப்பா கல்லாவை விட்டு எறங்கணும்” என்று வாசலில் ஒரு குரல். இந்துராணி. இலைக்கட்டில் தலைவாழை ஒன்று குறைகிறது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“நீ யாரு பக்கம்டி?”

“நான் இலை பக்கம்.”

இப்படி ஒரு பதில். நீங்களே சொல்லுங்க, பெற்ற மகள் பேசுகிற பேச்சா?

அந்த நாற்காலி மேல் அவளுக்கு வெகுநாளாகக் கண். சாதாரண மர நாற்காலிதான். மெஸ் திறந்த அன்று போட்டது. ஒரு பக்கம் என் உடம்புக்கு ஏற்றபடி தேய்ந்து பள்ளமாகிவிட்டது. அங்கே உட்கார்ந்தால் கடை தெரியும், ரோடு தெரியும், வருகிறவன் போகிறவன் எல்லாம் ‘என்ன முதலாளி’ என்பான். வீட்டிலும் நாற்காலி இருக்கிறது. சுவர்தான் தெரியும். சுவர் எதுவும் கேட்காது. சரி, அது கிடக்கட்டும். கூட்டத்துக்கு முன்னால் பின்வாங்க முடியுமா? ஒத்துக்கொண்டேன்.

சீனிச்சாமியைக் கூப்பிட்டேன். “நாளைக்குக் காது நல்லாக் கேக்கணும்” என்றேன்.

“மொதலாளி, பழக்கமில்லையே” என்றான்.

காலையில் ஒத்திகை பார்த்தோம். நான் இலையில் உட்கார்ந்து ‘சாம்பார்’ என்றேன். சீனிச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பினான். ‘டேய், சாம்பார்’ என்றேன். சமையற்கட்டுக்குப் போய்விட்டான். வேண்டுமென்று இல்லை. கால் தானாகப் போகிறது. அவனைத் திருப்பி நிறுத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் பந்திக்குள் பழக்கிவிட்டேன்.

கிருபாகரன் வந்தான். இலை போட்டோம். இலைக்கு இடது பக்கம், தண்ணீர் டம்ளரில் சாய்த்து என் போன். அந்த அம்மாளை ஓடவிட்டான். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வருமாம். நான் கல்லாவில். இந்துராணி நடுவர். ஊர் பாதி வாசலில்.

இந்த ஒல்லியன் எவ்வளவு தின்றுவிடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் தின்னவே இல்லை தம்பி! ஒரு பருக்கையை எடுக்கிறான். வெளிச்சத்தில் பார்க்கிறான். வாயில் போடுகிறான். மெல்லுகிறான். ஒரு பருக்கையில் மெல்ல என்ன இருக்கிறது? “கொஞ்சம் சாம்பார்ண்ணே” என்கிறான். கரண்டி நுனியில் ஊற்றினால் “போதும்ண்ணே” என்கிறான். மறுபடி “கொஞ்சம் கூட்டுண்ணே.” சீனிச்சாமி அவன் தலைக்கு மேலேயே நிற்கிறான். மற்ற இலைகள் எல்லாம் காய்கின்றன. “ஏம்ப்பா, நாங்க என்ன பாவம் பண்ணினோம்” என்று சத்தம். ஒருத்தர் எழுந்து தானே வாளியை எடுத்து ஊற்றிக்கொண்டு, பக்கத்து இலைக்கும் ஊற்றுகிறார்.

பந்தி மாறியது. மறுபடி மாறியது. டீ வேளை வந்துவிட்டது. அவன் எழவில்லை. போனும் நிற்கவில்லை. வட்டத்தைக் காணோம். நான் கல்லாவில் இருந்து வட்டம் வருமா, வட்டம் வருமா என்று பார்க்கிறேன். அங்கிருந்து படம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். எலுமிச்சை ரசம் கொதிக்கிற சத்தம். மிளகு ரசம் கொதிக்கிற சத்தம். பருப்பு ரசம் கொதிக்கிற சத்தம். ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. டங் என்று. அது எனக்குத் தெரியும். மூடி போடுகிற சத்தம். கொதிக்கிற ரசத்துக்கு மூடி!

கல்லாவை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். மூடியேதான். முழுப் பூண்டை உள்ளே போட்டு, மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சிரிக்கிறாள். சீனிச்சாமியின் தோளைப் பிடித்து இழுத்தேன். “பாருடா இந்த அநியாயத்தை!”

அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். “ஐயய்யோ மொதலாளி, மூடுறா!”

சமையற்கட்டில் இருந்து மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார். இலையில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்கள். ஈயச்சொம்பாக இருந்தால் மூடலாம் என்று ஒருத்தர். எந்தச் சொம்பாக இருந்தாலும் மூடினால் அது ரசமே இல்லை, கஷாயம் என்று மாஸ்டர். வாசலில் இருந்து ஒருத்தன் “எங்க வீட்ல மூடித்தான் வைப்பாங்க” என்றான். அவனை அடிக்கப் போனார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் கீழே இருந்து ஒரு குரல்.

“ரசம்ண்ணே.”

யாரும் திரும்பவில்லை.

“அண்ணே, ரசம்.”

“இருப்பா. அவ மூடியத் தெறக்கிறா” என்று யாரோ சொன்னார்கள். அது நான்தான் என்கிறாள் இந்துராணி. சீனிச்சாமியும் அப்படித்தான் சொல்கிறான். மாஸ்டரும் சொல்கிறார். இருக்கலாம்.

இந்துராணி கல்லா மணியை ஓங்கித் தட்டினாள். “முடிஞ்சது” என்றாள்.

கிருபாகரன் நிதானமாக இலையை மடித்தான். “உங்க போன் இன்னும் ஓடுது ஐயா” என்றான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கணும். மோசடி எங்கே இருக்கிறது? அன்றைக்கு மட்டும் வட்டம் சுற்றவில்லை. சுற்றியிருந்தால் நான் மூடியைப் பார்த்திருக்க மாட்டேன். பார்க்காவிட்டால் சீனிச்சாமியை இழுத்திருக்க மாட்டேன். இழுக்காவிட்டால் ரசம் அவன் இலைக்குப் போயிருக்கும். என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்றே அன்றைக்கு ஒழுங்காகக் கொடுத்தான் கம்பெனிக்காரன். ஒழுங்காகக் கொடுப்பதைக்கூட ஒரு ஏமாற்று வேலையாகச் செய்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

அவர்கள் போர்டு அப்படியே நிற்கிறது, நட்சத்திரத்தோடு. என் போர்டில் சீனிச்சாமி ஏணி வைத்து ஏறி, ‘அளவில்லா’ மேல் வெள்ளை அடித்தான். மட்டமான சுண்ணாம்பு. முதல் மழைக்கே எழுத்து எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் கேட்டீங்க. நான் மறுபடி எழுதவில்லை. மழை எழுதியது. மழையோடு யார் பந்தயம் கட்டினார்கள்?

இரண்டாவது தரம் கேட்கிறீங்களோ? மூன்றாவதா? சரி சரி. கதை முடியப் போகிறது.

கல்லாவில் இவள் உட்கார்ந்ததில் இருந்து ஒரே சட்டம். கேட்டால் போடு, கேட்டதும் போடு. பேனாவால் தட்டுவது கிடையாது. போர்டில் அந்தச் சொல்லே இல்லை, ஆனால் போட்டுக்கொண்டே இருக்கிறாள். சீனிச்சாமி பீடியை விட்டுவிட்டான், போய்க் குடிக்க நேரமில்லையாம். வியாபாரம் தெரியாத பெண். கூட்டம் இப்படி வருகிறதே என்பீங்க. வரும். போட்டால் வரத்தான் செய்யும். அதில் என்ன சாமர்த்தியம்?

நான் கொஞ்ச நாள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. வந்து வாசலில் நின்றேன். இவள் இந்த ரச வாளியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஒரு வாக்கும் கொடுத்தாள். “அப்பா, ஒரே ஒரு மத்தியானம். யாரும் ஒங்ககிட்ட ரெண்டாவது தரம் ரசம் கேக்கற மாதிரி ஆகக்கூடாது. அன்னைக்குச் சாயங்காலமே நாற்காலி ஒங்களுக்கு.”

இவ்வளவுதானா என்று நினைத்தேன். ரசம் ஊற்றுவதில் என்ன இருக்கிறது? ஆனால் தினம் எவனாவது ஒருத்தன் வந்து கெடுத்துவிடுகிறான். நேற்று ஒரு கணக்கு வாத்தியார். ரசம் ஏன் கொதிக்கக் கூடாது என்று பொறுமையாக அவருக்கு விளக்கிக்கொண்டு இருந்தேன். அதற்குள் என்ன அவசரமோ, கை நீட்டி மறுபடி மறுபடி கேட்கிறார். முந்தாநாள் ஒரு பஸ் டிரைவர். வண்டி கிளம்பணும் என்று ஒரே கூச்சல். அவருக்கு நான் பந்தயக் கதையைக்கூடப் பாதிதான் சொல்லியிருந்தேன். ஜனங்களுக்குப் பொறுமை இல்லை தம்பி. எல்லாம் இந்த போனால்.

இன்றைக்கு ஒரு குற்றம் கிடையாது. முதல் பந்தியில் இருந்து வாயைத் திறக்கவில்லை, ஊற்றிக்கொண்டே வந்தேன். இந்துராணியே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். கடைசிப் பந்தி, கடைசி இலை நீங்கள்தான். உங்களோடு முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்திருக்கணும், நான் உட்காரணும். அந்தத் தெம்பில்தான் உங்களோடு நாலு வார்த்தை பேசினேன்.

தொண்டையைக் கனைக்காதீங்க. இந்தா, ஊற்றிவிட்டேன் என்று வையுங்க. கரண்டி எங்கே... இங்கேதான் இருந்தது...

அட, இலையை ஏன் மடிக்கிறீங்க? சோறு காய்ந்துவிட்டதா? காயட்டும், ரசம் விட்டால் இளகும். பிரிங்க, பிரிங்க. சரி, எழுந்துவிட்டீங்க. எழுந்தவரை நான் உட்காரச் சொல்வது கிடையாது. நீங்களாகத்தான் மடித்தீங்க, அது ஞாபகம் இருக்கட்டும்.

கல்லாவில் கேட்பாள், ரசம் எத்தனை தரம் கேட்டீங்க என்று. எல்லாரிடமும் கேட்கிறாள் இப்போது. ஒரு தரம் என்று சொல்லுங்க. பொய் இல்லை. நடுவில் கேட்டதெல்லாம் நான் பேசிக்கொண்டு இருக்கும்போது கேட்டது. பேச்சுக்கு நடுவில் கேட்டது கணக்கில் வராது. வயசான மனுஷன் கேட்கிறேன். ஒரு தரம் தம்பி. ஒன்று.

கை கழுவும் இடம் இந்தப் பக்கம். அங்கே எங்கே போகிறீங்க? தம்பி! என்ன அது, எச்சில் கையைத் தூக்கி அவளிடம் விரலைக் காட்டுகிறீங்க?

நாலா?

இந்துராணி! அதில் ஒண்ணு கனைப்புடி!